இன்ஸ்டால் ஆகிக் கெடக்குற ஃபைல் எந்த சோர்ஸ் பேக்கேஜ்ல இருந்து வந்துச்சுன்னு எப்படிப் பிடிக்கிறது? (உபுண்டு 22.04ல இருந்து டெபியன் 12க்கு மாறணும்)

செக்காலை_ஸ்கேனர்:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடில சின்னதா ஒரு டிடிபி கடை வச்சிருக்கோம், கல்யாணப் பத்திரிகை ரசீது புக்குன்னுதான் பொழப்பு ஓடுது, ஆனா இப்ப கொஞ்ச காலமா பழைய புஸ்தகத்த ஸ்கேன் பண்ணி டெக்ஸ்ட்டா மாத்திக் குடுக்குற வேலையும் வந்துக்கிட்டு இருக்கு. பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடிப் பக்கம் பெரிய வீடுகள்ல பரண்ல கெடந்த புஸ்தகங்க, கோயில் திருப்பணி வரவு செலவு அறிக்கை, பர்மா மலேயால இருந்து கொண்டாந்த பழைய அச்சு மலருங்க, இதெல்லாம்தான். எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்துன அச்சு, லை, னை எல்லாம் மேல கொம்பு போட்டு இருக்கும்.

கடைல ஒரு பழைய உபுண்டு 22.04 (லினக்ஸ்) மெஷின் இருக்கு. முன்னாடி இங்க வேல பாத்த தம்பி செட் பண்ணி வச்சது, அவரு இப்ப வெளிநாட்டுல இருக்காரு, புடிக்க முடியல. அந்த மெஷின்ல டெஸராக்ட் (படத்துல இருக்குற எழுத்தப் படிச்சு டெக்ஸ்ட்டாக்குற சாஃப்ட்வேர்) ஓட்டுனா கொம்பு போட்ட எழுத்த ஓரளவு நல்லாவே படிக்குது. புதுசா வாங்குன மெஷின்ல டெபியன் 12 போட்டு, டெஸராக்ட் தமிழ் பேக்கேஜும் போட்டு அதே பக்கத்தக் குடுத்தேன், "மலை" வர்ற எடத்துல எல்லாம் என்னென்னமோ வருது. பழைய மெஷினோட ஹார்ட் டிஸ்க் வேற சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு.

இன்னொரு விஷயம், இந்த வேலைக்குப் பணம் குடுக்குறவுக, எந்தெந்த சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன், அதோட சோர்ஸ் எங்க இருக்குன்னு எழுதிக் குடுங்கன்னு கேக்குறாக, பிற்காலத்துல வேற யாராச்சும் திரும்ப ஓட்டிப் பாக்கணும்னா வேணுமாம். நியாயமான கேள்வி. ஆனா பழைய மெஷின்ல எந்த ஃபைலு எங்கிருந்து வந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? டிபிகேஜி (மெஷின்ல இருக்குற பேக்கேஜுக்கெல்லாம் கணக்கு வச்சிருக்குற கமாண்ட்) கேப்பிட்டல் எஸ் போட்டா பேக்கேஜ் பேரு வரும்னு தெரியும், சில ஃபைலுக்கு வருது, சிலதுக்கு ஒண்ணுமே வரல. பேக்கேஜ் பேரு வந்தாலும் அதுதான் சோர்ஸானு தெரியல.

(ஃபோன்ல தமிழ்ல டைப் பண்றேன், கமாண்டெல்லாம் தமிழ் எழுத்துலயேதான் இருக்கும், நீங்களும் அப்படியே எழுதுனா போதும், புரிஞ்சுக்குவேன்.)


தேவகோட்டை_டெபியன்:

நல்ல வேலை செய்றீங்க தம்பி. கோட்டையூர் ரோஜா முத்தையா அவுக சேத்து வச்ச புஸ்தகங்கதான் 1994ல சென்னைல ஆராய்ச்சி நூலகமா ஆச்சு. அந்த மாதிரி சேகரிப்பு நம்ம பக்கத்து வீடுகள்ல இன்னும் எவ்வளவோ பூட்டிக் கெடக்கு, கரையான் போறதுக்குள்ள ஸ்கேன் ஆனா பெரிய புண்ணியம்.

விஷயத்துக்கு வர்றேன். மூணு படி இருக்கு, மூணையும் பிரிச்சுப் பாக்கணும். முதல்ல ஃபைலு, அப்புறம் அது வந்த பைனரி பேக்கேஜ் (கட்டி முடிச்சு ஓடத் தயாரா வர்றது), அதுக்கு மேல அந்தப் பைனரியக் கட்டுன சோர்ஸ் பேக்கேஜ் (மூலக் கோடு). நம்ம பக்கம் ஒரு ஆளப் பாத்தா எந்த ஊருன்னு கேட்டுட்டு அதோட விடமாட்டாக, எந்தக் கோயில்னும் கேப்பாக, இளையாத்தங்குடியா மாத்தூரா பிள்ளையார்பட்டியான்னு. ஊரு வேற வேறயா இருந்தாலும் கோயில் ஒண்ணா இருந்தா பங்காளி. இங்கயும் அதேதான், பைனரி பேக்கேஜ்ங்கிறது ஊரு, சோர்ஸ் பேக்கேஜ்தான் கோயில். நீங்க ஊரோட நிறுத்திட்டீங்க.

டிபிகேஜி கேப்பிட்டல் எஸ் என்ன பண்ணுதுன்னா, வார் லிப் டிபிகேஜி இன்ஃபோ அப்படிங்குற ஃபோல்டர்ல ஒவ்வொரு பேக்கேஜுக்கும் புள்ளி லிஸ்ட்டுன்னு முடியுற ஒரு ஃபைல் இருக்கும், அந்தப் பேக்கேஜ் போட்ட ஃபைலோட பாத்தெல்லாம் அதுல வரி வரியா இருக்கும், அதுக்குள்ள தேடிப் பாத்து சொல்லுது, அவ்வளவுதான். நெட் வேண்டாம். அந்த லிஸ்ட்ல இல்லாத ஃபைலுக்கு பாத் கெடைக்கலன்னு சொல்லிரும். கேப்பிட்டல் எல் போட்டா தலைகீழா, பேக்கேஜ் பேரு குடுத்தா அதோட ஃபைலெல்லாம் வரும்.

சோர்ஸ் பேரு வேணும்னா டிபிகேஜி ஹைஃபன் கொயரின்னு ஒரு கமாண்ட், அதுல ஹைஃபன் கேப்பிட்டல் டபிள்யூ, ஹைஃபன் சின்ன எஃப் போட்டு, சிங்கிள் கோட்டுக்குள்ள டாலர் போட்டு நெளி பிராக்கெட்ல "சோர்ஸ் கோலன் பேக்கேஜ்"னு எழுதணும், சோர்ஸ் முழுக்க சின்ன எழுத்து, பேக்கேஜ்ல முதல் எழுத்து மட்டும் கேப்பிட்டல். அதே மாதிரி இன்னொரு டாலர் போட்டு "சோர்ஸ் கோலன் வெர்ஷன்". வெறும் "சோர்ஸ்"னு மட்டும் கேக்குற ஃபீல்டு ஒண்ணு இருக்கு, அத நம்பாதீங்க, சோர்ஸ் பேரும் பைனரி பேரும் ஒண்ணா இருந்தா அது காலியா வரும், ஏதோ தகவல் இல்லன்னு நெனச்சுக்குவீங்க. வெர்ஷனையும் தனியாக் கேக்குறதுக்குக் காரணம், டெபியன்ல சோர்ஸத் தொடாம திரும்பக் கட்டுனா பைனரி வெர்ஷன் கடைசில பிளஸ் பி1னு ஒட்டிக்கும், அந்த வெர்ஷன வச்சு சோர்ஸத் தேடுனா கெடைக்காது.

உங்க மெஷின்லயே ஓட்டிப் பாருங்க. டெஸராக்ட் ஓசிஆர்ங்கிற பைனரிக்கு சோர்ஸ் வெறும் டெஸராக்ட். ஆனா தமிழ் டேட்டா இருக்கே, டெஸராக்ட் ஓசிஆர் டாம், அதோட சோர்ஸ் டெஸராக்ட் லாங்னு தனியா இன்னொண்ணு. லிப்லெப்ட்5ங்கிற லைப்ரரிக்கு சோர்ஸ் பேரு லெப்டான்லிப். பேர மட்டும் பாத்தா யாரும் ஊகிக்க முடியாது.

இது வெறும் எழுதிக் குடுக்குறதுக்காகன்னு நெனச்சுறாதீங்க. 2024 மார்ச் 29ந் தேதி எக்ஸ்இசட் விவகாரம் (ஃபைல சுருக்குற சாஃப்ட்வேருக்குள்ள திருட்டு வாசல் வச்ச கதை) வெளிய வந்துச்சே, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடிச்சது, அன்னைக்கு எல்லாரும் பேசுனது எக்ஸ்இசட் யூட்டில்ஸ் 5.6.0, 5.6.1னு, அது சோர்ஸ் பேரு. ஆனா எஸ்எஸ்எச் சர்வருக்குள்ள போயி உக்காந்தது லிப்எல்இசட்எம்ஏ5ங்கிற பைனரி. மெஷின்ல லிப்எல்இசட்எம்ஏன்னு பாக்குற ஆளுக்கு, அதுவும் எக்ஸ்இசட்டும் ஒரே எடம்னு தெரிஞ்சாத்தான் செய்தி தனக்கும்னு தெரியும். டெபியன் செக்யூரிட்டி டிராக்கரும் சோர்ஸ் பேரு வச்சுத்தான் பக்கம் பக்கமா அடுக்கியிருக்கு. (உங்க ரெண்டு மெஷினுக்கும் அந்தப் பாதிப்பு வரல, பயப்பட வேண்டாம், ரெண்டுலயும் இருக்குறது பழைய வெர்ஷன்.)

சோர்ஸ் பேரு கெடச்சதும் ஆப்ட் சோர்ஸ் போட்டு அந்தப் பேரக் குடுத்தா மூலக் கோடு, டெபியன்காரங்க போட்ட பேட்ச், எல்லாம் எறங்கிரும். உபுண்டு 22.04ல சோர்ஸஸ் லிஸ்ட்டுல டெப் ஹைஃபன் எஸ்ஆர்சின்னு ஆரம்பிக்கிற வரி முன்னால ஹேஷ் குறி (#) போட்டு மூடியிருக்கும், அத எடுத்துட்டு ஆப்ட் அப்டேட் ஒரு தடவ ஓட்டணும். ஒரிஜினலா எழுதுனவுக சைட் அட்ரஸ் மட்டும் போதும்னா அது கூட வேண்டாம், யூஎஸ்ஆர் ஷேர் டாக்ல அந்தந்த பேக்கேஜ் பேர்ல ஃபோல்டர் இருக்கும், அதுல காப்பிரைட்ங்கிற ஃபைலத் தொறந்தா பெரும்பாலும் மேலயே எழுதியிருக்கும்.

இப்ப "ஒண்ணுமே வரல"ங்கிறதுக்கு. எந்தெந்த ஃபைல்னு சொல்லுங்க. டைப் ஹைஃபன் ஏ டெஸராக்ட்னு போட்டு என்ன வருதுன்னும் போடுங்க.


செக்காலை_ஸ்கேனர்:

ரொம்ப நன்றிண்ணே. ஓட்டிப் பாத்தேன்.

டைப் போட்டா ரெண்டு வருது! முதல்ல யூஎஸ்ஆர் லோக்கல் பின்ல ஒரு டெஸராக்ட், அடுத்து யூஎஸ்ஆர் பின்ல ஒண்ணு. யூஎஸ்ஆர் பின்ல இருக்குறதுக்கு பேக்கேஜ் டெஸராக்ட் ஓசிஆர்னு கரெக்ட்டா வருது, வெர்ஷன் 4.1.1. லோக்கல்ல இருக்குறதுக்கு பாத் கெடைக்கலன்னு சொல்லுது. அதுக்கு எல்டிடி (எந்தெந்த லைப்ரரிய எடுக்குதுன்னு காட்டுற கமாண்ட்) ஓட்டுனேன், லிப்டெஸராக்ட் யூஎஸ்ஆர் லோக்கல் லிப்ல இருந்து எடுக்குது, லிப்லெப்ட் மட்டும் ஸ்லாஷ் லிப்ல இருந்து எடுக்குது. அந்த ஸ்லாஷ் லிப் பாத்தக் குடுத்து டிபிகேஜி கேப்பிட்டல் எஸ் போட்டா அதுக்கும் ஒண்ணும் வரல. ஆனா நீங்க லிப்லெப்ட்5னு ஒரு பேக்கேஜ் இருக்குன்னு சொல்றீங்க. இது ரெண்டாவது கொழப்பம்.

அப்புறம் யூஎஸ்ஆர் பின் ஜாவாவுக்கும் ஒண்ணும் வரல, இது டெஸராக்ட்டுக்கு சம்பந்தமில்ல, வேற ஒரு சாஃப்ட்வேர் ஓட்ட வச்சிருக்கோம்.


தேவகோட்டை_டெபியன்:

லிப்லெப்ட் விஷயம் எல்லாரும் வந்து முட்டுற எடம்தான். இப்ப எல்லா டெபியன், உபுண்டுலயும் ஸ்லாஷ் லிப், ஸ்லாஷ் பின் ரெண்டும் உண்மையான ஃபோல்டர் கெடையாது, யூஎஸ்ஆர் லிப்புக்கும் யூஎஸ்ஆர் பின்னுக்கும் போற சிம்லிங்க் (வேற எடத்தக் காட்டுற குறுக்கு வழி). எல்டிடி சிம்லிங்க் வழியா வந்த பாத்தக் காட்டுது, பேக்கேஜோட லிஸ்ட்ல எழுதியிருக்குறது யூஎஸ்ஆர் லிப்னு ஆரம்பிக்கிற பாத். டிபிகேஜி சிம்லிங்கப் பிரிச்சுப் பாக்காது, லிஸ்ட்ல எழுத்துக்கு எழுத்து இருந்தாத்தான் சொல்லும். 22.04ல எல்எஸ் கமாண்டுக்கு இதே கூத்து தலைகீழா நடக்கும், யூஎஸ்ஆர் பின் எல்எஸ்னு கேட்டா இல்லங்கும், ஸ்லாஷ் பின் எல்எஸ்னு கேட்டா கோர்யூட்டில்ஸ்னு சொல்லும். ஈஸியான வழி, பாத்த விட்டுட்டு வெறும் ஃபைல் பேர மட்டும் குடுங்க, லிப்லெப்ட் புள்ளி எஸ்ஓ புள்ளி 5னு. ஸ்லாஷ்ல ஆரம்பிக்கலன்னா முன்னால பின்னால ஸ்டார் போட்ட மாதிரி தேடிக்கும்.

ஜாவா வேற கதை. அது ஆல்டர்நேட்டிவ்ஸ் சிஸ்டம் (ஒரே வேலைக்கு இருக்குற பல புரோகிராம்ல ஒண்ணத் தேர்ந்தெடுக்குறது) வச்ச சிம்லிங்க், பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகும்போது ஒரு ஸ்கிரிப்ட் ஓடி அத உண்டாக்குது, அதனால லிஸ்ட்ல இருக்காது. ரீட்லிங்க் ஹைஃபன் எஃப் போட்டு கடைசி வரைக்கும் போன பாத் என்னன்னு எடுத்து, அதுக்கு டிபிகேஜி கேப்பிட்டல் எஸ் போடுங்க. இது மாதிரி ஸ்கிரிப்ட் உண்டாக்குற ஃபைல் நெறைய இருக்கு, எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீ, சிஏ சர்ட்டிஃபிகேட் எல்லாம் சேத்து ஒண்ணாக்குன ஃபைல், பைத்தான் பைக்கேஷ் ஃபோல்டர் எல்லாம் அப்படித்தான். யாரும் கொண்டாந்து திருட்டுத்தனமா போட்டதுன்னு அர்த்தமில்ல.

யூஎஸ்ஆர் லோக்கல் மட்டும் டிபிகேஜியோட எல்லைக்கு வெளிய. டெபியன் பாலிசியே அப்படித்தான், அங்க பேக்கேஜ் கை வைக்காது. உங்க தம்பி சோர்ஸ எறக்கித் தானே கட்டி மேக் இன்ஸ்டால் அடிச்சிருக்காரு, பாத் வேரியபிள்ல லோக்கல் முன்னால இருக்குறதால நீங்க டெஸராக்ட்னு அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஓடுறது அதுதான், 4.1.1 சும்மா உக்காந்திருக்கு. லோக்கல்ல இருக்குறது 5 வரிசையா இருக்கும், லைப்ரரி எந்த நம்பர்ல முடியுதுன்னு பாருங்க.


புதுவயல்_ஃபெடோரா:

ஃபெடோரா (இன்னொரு லினக்ஸ்) பக்கம் இருக்குறவுக யாராச்சும் இதப் படிச்சா, ஆர்பிஎம் ஹைஃபன் க்யூஎஃப் போட்டு பாத்தக் குடுத்தா பைனரி, க்யூஐ போட்டா அதுலயே சோர்ஸ் ஆர்பிஎம்னு ஒரு வரி வரும். ஃபெடோரா 36ல இருந்து பேக்கேஜ் பேரு, வெர்ஷன் எல்லாம் பைனரி ஃபைலுக்குள்ளயே ஒரு நோட்டா எழுதி வச்சிருக்கு, ஃபைல மட்டும் தனியாத் தூக்கிட்டு வேற மெஷினுக்குப் போனாலும் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியும். டெபியன்ல இன்ஸ்டால் ஆகாத பேக்கேஜ்ல ஒரு ஃபைல் இருக்கான்னு தேட ஆப்ட் ஃபைல் இருக்குல்ல, இங்க டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்.


பள்ளத்தூர்_பைத்தான்:

செக்காலை தம்பி, ஸ்கேன் பண்ண படத்த நேராக்கி, கறையெல்லாம் எடுத்து டெஸராக்ட்டுக்கு அனுப்புற பைத்தான் ஸ்கிரிப்ட் ஏதாச்சும் அந்த மெஷின்ல இருக்கும், கட்டாயம் பாருங்க. பிப் (பைத்தான் பேக்கேஜ் போடுற கமாண்ட்) வழியா போட்டதும் டிபிகேஜிக்குத் தெரியாது. ஆனா பிப்புக்குன்னு தனிக் கணக்கு இருக்கு. சைட் பேக்கேஜஸ் ஃபோல்டருக்குள்ள ஒவ்வொரு பேக்கேஜுக்கும் டிஸ்ட் இன்ஃபோன்னு முடியுற ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ரெக்கார்டுங்கிற ஃபைல்ல, போட்ட ஒவ்வொரு ஃபைலும் அதோட ஹேஷும் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நம்பர்) இருக்கும், இன்ஸ்டாலர்ங்கிற ஃபைல்ல யாரு போட்டதுன்னு இருக்கும். கிட்ல இருந்து (கோடுல பண்ற ஒவ்வொரு மாத்தத்தையும் கமிட்டுன்னு பதிஞ்சு வைக்கிற எடம்) நேரா போட்டிருந்தா டைரக்ட் யூஆர்எல் ஜேசன்னு ஒண்ணும் இருக்கும், அதுல எந்தக் கமிட்டுங்கிற வரைக்கும் எழுதியிருக்கும், தங்கமான தகவல் அது. பிப் ஷோ ஹைஃபன் எஃப் போட்டாலே லிஸ்ட் கெடச்சுரும்.

இதுல ஒரு எடம் ரொம்ப முக்கியம், நான் பாத்த வரைக்கும் ஆபீஸ்ல ஆடிட் எழுதுறவுக கூட இத விட்டுர்றாக. பில்லோ போட்டிருப்பீங்க, படம் தொறக்குறதுக்கு. பிப்ல வர்ற வீல் (கட்டித் தயாரா வர்ற பேக்கேஜ்) ஃபைலுக்குள்ள பில்லோவோட சேத்து லிப்டிஃப், லிப்ஜேபெக், லிப்வெப்பி எல்லாம் தனிக் காப்பியா கட்டி வந்துருது, பில்லோ புள்ளி லிப்ஸ்னு பக்கத்துல ஒரு ஃபோல்டர் இருக்கும் பாருங்க, ஃபைல் பேருல நடுவுல ஒரு ஹேஷ் துண்டு ஒட்டியிருக்கும். நீங்க ஆப்ட் அப்கிரேட் அடிச்சு சிஸ்டத்தோட லிப்வெப்பிய சரி பண்ணாலும் இந்தக் காப்பி அப்படியேதான் கெடக்கும். 2023 செப்டம்பர்ல லிப்வெப்பில பெரிய ஓட்டை வந்துச்சுல்ல, அப்ப பில்லோகாரங்க 10.0.1னு தனியா வெளியிட்டு உள்ள இருக்குற லிப்வெப்பிய 1.3.2க்கு மாத்துனாக, பிப்ல அப்கிரேட் பண்ணாதவுகளுக்கு அது போய்ச் சேரவே இல்ல. ஒரே மெஷின்ல ஒரே லைப்ரரி ரெண்டு எடத்துல, ரெண்டுக்கும் வேற வேற பொறப்பிடம். எழுதிக் குடுக்கும்போது ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க.

டெபியன் 12ல சிஸ்டம் பைத்தான்ல பிப் போட விடாது, எக்ஸ்டர்னலி மேனேஜ்டுன்னு எரர் அடிக்கும். அத ஒடச்சுக்கிட்டு உள்ள போகாதீங்க, வென்வ் (பைத்தான் பேக்கேஜுக்குத் தனி அறை மாதிரி ஒரு ஃபோல்டர்) போடுங்க. அப்பத்தான் எது ஆப்ட் போட்டது எது பிப் போட்டதுன்னு கோடு கிழிச்ச மாதிரி நிக்கும்.


செக்காலை_ஸ்கேனர்:

அக்கா, நீங்க சொன்னது அப்படியே இருக்கு, பில்லோ புள்ளி லிப்ஸ் ஃபோல்டர் கெடக்கு. கணக்குல சேத்துட்டேன்.

அண்ணே, லோக்கல் லிப்ல இருக்குறது புள்ளி 5தான். டெஸராக்ட் லிஸ்ட் லேங்ஸ் போட்டா டேட்டாவ யூஎஸ்ஆர் லோக்கல் ஷேர் டெஸ்டேட்டால இருந்து எடுக்குறேன்னு காட்டுது. அங்க ஒரு டாம் ட்ரெய்ண்ட்டேட்டா (தமிழ் எழுத்தப் படிக்கக் கத்துக்கிட்ட மாடல் ஃபைல்) இருக்கு. பேக்கேஜ் போட்ட டாம் ட்ரெய்ண்ட்டேட்டா வேற எடத்துல, யூஎஸ்ஆர் ஷேர் டெஸராக்ட் ஓசிஆர் 4.00க்குள்ள. ரெண்டும் ஒரே பேரு, ஆனா லோக்கல்ல இருக்குறது சைஸ் நல்லாப் பெருசு. இந்தப் பெரிய ஃபைலதான் நான் தேடிக்கிட்டு இருந்திருக்கேன் போல. இது எங்க இருந்து வந்துச்சுன்னு எப்படிச் சொல்றது? டிபிகேஜியும் இல்ல பிப்பும் இல்ல.


தேவகோட்டை_டெபியன்:

இப்ப சரியான எடத்துக்கு வந்துட்டோம்.

டெஸராக்ட்காரங்க மூணு விதமா மாடல் வெளியிடுறாக, வெறும் டெஸ்டேட்டா, டெஸ்டேட்டா ஃபாஸ்ட், டெஸ்டேட்டா பெஸ்ட். டெபியன், உபுண்டு பேக்கேஜ்ல வர்றது ஃபாஸ்ட். அது உள்ளுக்குள்ள முழு எண்ணா சுருக்குனது, சின்னது, வேகமா ஓடும். பெஸ்ட் தசம எண்ணுலயே இருக்கும், பெருசு, மெதுவு, ஆனா அதுக்கு மேலதான் கூடுதலா பயிற்சி குடுக்க முடியும், ஃபாஸ்ட்டுக்கு மேல குடுக்க முடியாது. உங்க ஃபைல் பெருசுங்கிறதால பெஸ்ட் இல்லன்னா பெஸ்ட்ல இருந்து பொறந்ததா இருக்கலாம்.

கம்பைன் டெஸ்டேட்டான்னு ஒரு கமாண்ட் டெஸராக்ட்டோட வரும், அதுல ஹைஃபன் சின்ன எல் போட்டு ரெண்டு ஃபைலையும் பாருங்க, இன்ட் மோட் ஒண்ணுன்னு இருந்தா முழு எண்ணா சுருக்குனது, பெஸ்ட் இல்ல. அடுத்து, டெஸ்டேட்டா பெஸ்ட் கிட் ரெப்போல இருந்து தமிழ் ஃபைல எறக்கி ரெண்டுக்கும் எஸ்எச்ஏ256 எடுத்து ஒப்பிடுங்க. ஒத்துப்போனா வேல முடிஞ்சது, ரெப்போ பேரும் கமிட்டும் எழுதிக் குடுத்துறலாம். ஒத்துப்போகலன்னா உங்க தம்பி தானே பயிற்சி குடுத்திருக்காரு, எனக்கு அப்படித்தான் தோணுது, ஏன்னா கொம்பு போட்ட லை வெறும் பெஸ்ட் மாடலுக்கும் செரியா வராது.

அப்படின்னா அவரு ஹோம் ஃபோல்டர்ல டெஸ்ட்ரெய்ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கான்னு தேடுங்க. அதுக்குள்ள டேட்டாங்குற ஃபோல்டர்ல ஏதோ ஒரு பேரோட ஹைஃபன் கிரவுண்ட் ஹைஃபன் ட்ரூத்னு முடியுற ஃபோல்டர் இருக்கும், ஒவ்வொரு வரிக்கும் ஒரு குட்டிப் படம், அதே பேர்ல ஜிடி டிஎக்ஸ்டின்னு முடியுற ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதுதான் இந்த மாடலோட சோர்ஸ். பைனரிக்கு சோர்ஸ் கோடு எப்படியோ, இதுக்கு அந்த வரிகளும் அந்த டெக்ஸ்ட்டும். ட்ரெய்ண்ட்டேட்டா ஃபைல மட்டும் காப்பி எடுத்துட்டு டிஸ்க்கத் தூக்கிப் போட்டீங்கன்னா, அது ஓடும், ஆனா எதக் கத்துக்கிட்டு இப்படிப் படிக்குதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது, தப்பாப் படிக்கிற எழுத்தத் திருத்தவும் முடியாது. அந்த டிஸ்க் சத்தம் போடுதுன்னு வேற சொல்றீங்க. வேற எதையும் பாக்காம முதல்ல ஹோம் முழுசையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி எடுங்க. பேஷ் ஹிஸ்டரி ஃபைலையும் விட்டுறாதீங்க, புள்ளில ஆரம்பிக்கிறதால கண்ணுக்குத் தெரியாது, மேக் ட்ரெய்னிங்னு அடிச்ச வரி அதுல இருக்கும், எந்த மாடல்ல இருந்து ஆரம்பிச்சாரு, எவ்வளவு இட்டரேஷன்னு எல்லாம் அந்த ஒத்த வரில தெரிஞ்சுரும்.

லோக்கல்ல இருக்குற டெஸராக்ட் புரோகிராமுக்கு, டெஸராக்ட் ஹைஃபன் ஹைஃபன் வெர்ஷன் போடுங்க. கிட்ல இருந்து கட்டியிருந்தா நம்பருக்குப் பின்னால ஜி போட்டு கமிட்டோட ஆரம்ப எழுத்துங்க வரும். டார் ஃபைல்ல இருந்து கட்டியிருந்தா வெறும் நம்பர். கட்டுன ஃபோல்டர் இன்னும் இருந்தா கான்ஃபிக் புள்ளி லாக் ஃபைலோட மேல் பகுதில என்ன ஆப்ஷன் குடுத்துக் கட்டுனாருன்னு இருக்கும்.


செக்காலை_ஸ்கேனர்:

அண்ணே முதல்ல காப்பி எடுத்துட்டேன், நல்லபடியா வந்துருச்சு.

பெஸ்ட் ரெப்போ ஃபைலோட ஹேஷ் ஒத்துப்போகல. இன்ட் மோட் பேக்கேஜ் ஃபைலுக்கு ஒண்ணு, லோக்கல் ஃபைலுக்கு பூஜ்யம். டெஸ்ட்ரெய்ன் ஃபோல்டரும் இருக்கு! கிரவுண்ட் ட்ரூத் ஃபோல்டரத் தொறந்து பாத்தேன், ஒவ்வொண்ணும் ஒரு வரி அகலத்துக்கு வெட்டுன படம், "கோவிலூர் மடாலயத்தில்"னு ஒரு வரி, "வைகாசி மாதம்"னு ஒண்ணு, லை, னை எல்லாம் கொம்போட, றா, னா எல்லாம் பழைய சுழியோட. பக்கத்துல டெக்ஸ்ட்ல அவரு கையால டைப் பண்ணி வச்சிருக்காரு, ஒத்தப் புள்ளி விடாம. எங்க கடைல ஸ்கேன் பண்ண புஸ்தகங்கள்ல இருந்தே எடுத்திருக்காரு. இவ்வளவு வேல பாத்திருக்காருன்னு எங்க யாருக்கும் தெரியாது. ஹிஸ்டரில மேக் ட்ரெய்னிங் வரியும் கெடச்சுருச்சு, ஸ்டார்ட் மாடல் டாம்னு இருக்கு. டெஸராக்ட் வெர்ஷன்ல ஜி போட்டு கமிட்டும் வருது.

இப்பக் கேள்வி, இத டெபியன் 12 மெஷினுக்கு எப்படிக் கொண்டு போறது? திரும்பவும் யூஎஸ்ஆர் லோக்கல்ல போட்டா அடுத்து வர்ற ஆளும் இதே மாதிரி தேடிக்கிட்டு நிப்பாரு.


பள்ளத்தூர்_பைத்தான்:

அந்தத் தம்பி பேர அறிக்கைல கட்டாயம் போடுங்க, அவர எப்படியாச்சும் புடிச்சு சம்மதம் கேட்டு.


தேவகோட்டை_டெபியன்:

அக்கா சொன்னதுதான் முதல் வேல.

டெபியன் 12ல டெஸராக்ட் 5.3.0 பேக்கேஜாவே இருக்கு, அதனால புரோகிராமத் திரும்பக் கட்டத் தேவையில்ல, லோக்கல்ல எதுவும் போடாதீங்க, ஆப்ட்ல வந்ததையே வச்சுக்கங்க. மாடல மட்டும் நீங்களே ஒரு குட்டி டெப் பேக்கேஜா கட்டிருங்க. பேரு டாம்னு வைக்காதீங்க, அப்படி வச்சா டெஸராக்ட் ஓசிஆர் டாம் பேக்கேஜோட ஃபைலும் உங்க ஃபைலும் ஒரே பாத்துல மோதும், டிபிகேஜி ஏத்துக்காது. டாம்பழசு மாதிரி வேற பேரா வச்சு, யூஎஸ்ஆர் ஷேர் டெஸராக்ட் ஓசிஆர் 5 டெஸ்டேட்டாக்குள்ள போற மாதிரி கட்டுங்க. ஓட்டும்போது ஹைஃபன் எல் போட்டு அந்தப் பேரக் குடுத்தாப் போதும், புதுப் புஸ்தகத்துக்கு வழக்கமான டாம். இப்படிப் போட்டா டிபிகேஜி கேப்பிட்டல் எஸ் அடிச்ச ஒடனே உங்க பேக்கேஜ் பேரு வந்து நிக்கும்.

வெறும் பைனரியா கட்டாம முறையா சோர்ஸ் பேக்கேஜாவே கட்டுங்க. சோர்ஸுக்குள்ள கிரவுண்ட் ட்ரூத் ஃபோல்டர் முழுசும், ஆரம்பிச்ச பெஸ்ட் மாடலோட ஹேஷும் கமிட்டும், டெஸ்ட்ரெய்னோட கமிட்டும், அந்த மேக் வரியும் இருக்கணும். சேஞ்ச்லாக்ல யாரு பயிற்சி குடுத்தது, எந்தெந்தப் புஸ்தகத்துல இருந்து வரி எடுத்ததுன்னு எழுதுங்க. புஸ்தகக்காரங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க, அவுக வீட்டுப் பக்கம் அதுல இருக்கு.

பணம் குடுக்குறவுகளுக்குக் குடுக்குற லிஸ்ட்டுக்கு, டிபிகேஜி கொயரிய பேக்கேஜ் பேரு குடுக்காம ஓட்டுனா மெஷின்ல இருக்குற எல்லாத்துக்கும் சோர்ஸ் பேரும் வெர்ஷனும் ஒரே ஃபைலா வந்துரும், சார்ட் போட்டு டூப்ளிகேட் எடுத்துட்டு அப்படியே வைங்க. வென்வுக்கு பிப் ஃப்ரீஸ் தனியா. அந்த டெபியன் வெர்ஷன் பின்னால ஆர்க்கைவ்ல இருந்து போயிருச்சுன்னாலும் ஸ்னாப்ஷாட் டெபியன் சைட்ல பழைய சோர்ஸெல்லாம் தேதி வாரியா கெடக்கு, அதனால வெர்ஷன் நம்பர முழுசா, ஹைஃபனுக்குப் பின்னால இருக்குறதையும் சேத்து எழுதுங்க. கட்டும்போது எங்கயாச்சும் நின்னா கன்ட்ரோல் ஃபைல இங்க போடுங்க, பாத்துச் சொல்றேன்.